பொறுமையில் சிறந்த பிரவுன்ஸ்வில்

டெக்சஸின் தென்கோடியில், கேமரான் கவுண்டியின் தலைநகராக வீற்றிருக்கும் பிரவுன்ஸ்வில்லே, நீ வாழ்க! ரியோ கிராண்டே ஆற்றுக்கு அக்கரையில் மெக்சிகோவின் மத்தமோரோஸ், இக்கரையில் நீ. 2020 கணக்கெடுப்பின்படி 1,86,738 பேரைப் பெற்ற உனக்குப் பொறுமையில் நிகர் யார்?

2006-இல் வாஷிங்டனில் எல்லை வேலிச் சட்டம் போட்டார்கள். எல்லைக்கோடு ஆற்றின் நடுவே போகிறது. வேலியோ வெள்ளத்தடுப்புக் கரையை ஒட்டி, சில இடங்களில் ஆற்றிலிருந்து ஒரு மைலுக்கும் மேல் உள்ளே தள்ளி எழுந்தது. இடையில் அகப்பட்ட வீடுகளும் வயல்களும் சேபல் பனங்காடும் அமெரிக்க மண்தான். ஆனாலும் உன் மக்கள், ஓங்கி நிற்கும் துருநிற இரும்புக் கம்பங்களின் முன் வண்டியை நிறுத்தி, ரகசிய எண்ணை அழுத்தி, கனத்த கதவு மெல்ல நகரும்வரை காத்திருந்து, தங்கள் சொந்த வீட்டுக்குப் போகிறார்கள். என்ன அடக்கம்!

கொடையிலும் நீ குறைந்தவளில்லை. டெக்சஸில் கடற்கரை பொதுமக்களின் சொத்து என்று 1959-லேயே சட்டம் உண்டு. ராக்கெட் விடும்போது அதை மூடலாம் என்று 2013-இல் சட்டத்தைத் திருத்தினார்கள். ஏழை எளியவர் தூண்டில் போட்டுக் குடும்பத்தோடு பொழுதுபோக்கிய போக்கா சிக்கா கரையை ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனத்துக்காக உன் கவுண்டி நிர்வாகம் மூடி மூடித் திறந்தது. 2023 ஏப்ரல் 20 அன்று அந்த நிறுவனத்தின் ஸ்டார்ஷிப் ராக்கெட் கிளம்பிய வேகத்தில் ஏவுதளத்து கான்கிரீட்டே பெயர்ந்து பறந்தது. சில மைல் தள்ளியிருக்கும் போர்ட் இசபெல் வரை புழுதி படிந்தது. அப்போதும் நீ முகம் சுளிக்கவில்லை.

இவ்வளவு பொறுத்த நீ வேகம் அறியாதவளும் அல்ல. 1906 ஆகஸ்ட் 13 இரவு, துப்பாக்கிச் சூட்டில் மதுக்கடை ஊழியர் ஒருவர் இறந்தார். பிரவுன் கோட்டையின் கறுப்பினச் சிப்பாய்களே சுட்டார்கள் என்று அந்த இருட்டிலும் அடையாளம் சொன்ன உன் சாட்சிகளின் கண்பார்வையே பார்வை! சிப்பாய்கள் கொட்டடியில்தான் இருந்தார்கள் என்ற வெள்ளை அதிகாரிகளின் சொல் எடுபடவில்லை. வழக்கு விசாரணையே இல்லாமல் 167 பேரை அதிபர் தியடோர் ரூஸ்வெல்ட் பதவி நீக்கினார். அவர்கள் மீதிருந்த களங்கத்தை 1972-இல் ராணுவம் துடைத்தபோது பலர் மண்ணோடு மண்ணாகியிருந்தார்கள்.

வலியவரிடம் பொறுமை, எளியவரிடம் வேகம்: உன் பெருமை இதுதான். அந்த வேகத்தில் பாதியை, உன் பிள்ளைகளின் கடற்கரையைத் திரும்பக் கேட்பதிலும் காட்டு, தாயே.