நெஞ்சுல புலி, பெட்டியில என்னா தூள்?

வாங்கடா பேராண்டிமாரே, இப்பிடிக் குந்துங்க. பேத்தி, நீயுந்தான், அந்தப் போனக் கவுத்து வச்சுட்டுக் கேளு. எல்லாரும் சேந்து சட்டை அடிக்கப் போறீங்களாமே? நெஞ்சுல சோழர் புலி, முதுகுல வந்தியத்தேவன் குதிரையில போறாரு, கைப்பக்கம் “பொன்னியின் செல்வன் ரசிகர்கள், றக்வானை”. கொழும்புல அடிச்சு பஸ்ஸுல போட்டு அனுப்புவானாம். ஒரு சட்டை ரெண்டாயிரத்து எழுநூறு.

அத நம்ம கணக்குல சொல்றேன். 2024 செப்டம்பர்ல கெசட்டுல போட்ட அடிப்படைச் சம்பளம் நாளைக்கு 1,350 ரூபாயா இருந்துச்சு. அந்தக் கணக்குல உங்க அம்மா அட்டைக்கடியோட மலையேறி, கணக்கப்பிள்ளை அரைப்பேர் போடாம ரெண்டு நாள் முழுப்பேர் வாங்குனா ஒரு வந்தியத்தேவன். நல்ல குதிரைதான். தீனி கொஞ்சம் கூட.

வேணாம்னு நான் சொல்லலடா. மொகத்த ஏன் அப்பிடி வச்சுக்கிறீங்க? ரசிகன்னா கிறுக்கு இருக்கணும். 1950ல இருந்து 1954 வரைக்கும் கல்கி வாரவாரம் பொன்னியின் செல்வன் கதைய எழுதுனாரு. அப்ப உள்ள சனம் வாரவாரம் பக்கத்தக் கிழிச்செடுத்து, சேத்து, பைண்டு பண்ணி வச்சுச்சு. பொறந்த புள்ளைக்கு அருள்மொழி, குந்தவைன்னு பேரு வச்சுச்சு. பேருக்குச் செலவில்ல, துவைச்சாச் சாயமும் போவாது. 2022 செப்டம்பர் 30ல மணிரத்னம் படம் வந்துச்சு, மறு வருசம் ஏப்ரல்ல ரெண்டாவதும் வந்துச்சு. ஒங்களுக்குப் புடிச்ச கிறுக்கு அந்த வழியா வந்தது. வந்த வழி எதுவா இருந்தா என்னா, கிறுக்கு கிறுக்குத்தான்.

ஆனா ஒரு சின்னக் கேள்வி. அந்தக் கதை அஞ்சு பாகம். ரெண்டாவது பாகம் சுழற்காற்று. அதுல வந்தியத்தேவன் கோடிக்கரையில இருந்து பூங்குழலி படகுல ஏறி எந்த ஊருக்கு வந்தாரு? என்னாடா ஒருத்தன் மொகத்த ஒருத்தன் பாக்குறீங்க? நம்ம நாட்டுக்குத்தாண்டா வந்தாரு! இந்த மண்ணுல கால் வச்ச மனுசன முதுகுல சொமக்கப் போறீங்க, அவரு எங்க எறங்குனாருன்னு தெரியல. படம் பாத்தோம்னு சொல்லாதீங்க. படப்பிடிப்பத் தாய்லாந்துல தொடங்குனானுக, அதான் ஒங்களுக்கு ஊரு மாறிப் போச்சு போல.

மார்க்குப் போடுறதுன்னா எனக்குத் தெரியும்டா, நான் தேயிலை ஸ்டோருல பெக்கிங்ல இருந்தவன். அப்ப தூள மரப்பெட்டியில அடைப்போம். பெட்டி மேல தகரத்த வச்சு மையத் தேய்ச்சா தோட்டத்து மார்க்கு விழும், கீழ பி.ஓ.பி.ன்னு ரகம், அதுக்குக் கீழ எடை. மார்க்கு அழகா விழுந்தா மட்டும் தூள் வெல போயிராது. கொழும்புல ஏலத்துக்கு முன்ன ஒருத்தன் தேத்தண்ணி ஊத்தி, உறிஞ்சி, காறித் துப்பிட்டுத்தான் வெலயச் சொல்லுவான். தேயிலைச் சபைக்காரனுங்க சிங்க மார்க்கு வச்சிருக்கானுங்கல்ல, அத பக்கெட்டுல போடணும்னா உள்ள உள்ளது நூத்துக்கு நூறு இலங்கைத் தேயிலையா இருக்கணும், இங்கயே பக்கெட்டு போட்டதா இருக்கணும். வெளிநாட்டுல போயி வேற தூளக் கலந்துட்டு சிங்கத்த ஒட்ட முடியாது. சிங்கத்துக்கே அந்தச் சட்டம்னா ஒங்க புலிக்கு ஒண்ணுமே கெடையாதா? நான் சபையில இருந்தா நெஞ்சுல புலி போட்டவன நிப்பாட்டி, ரெண்டு அத்தியாயம் கேட்டு, உறிஞ்சிப் பாத்துட்டுத்தான் விடுவேன். துப்புறது பெறகு.

சிரிக்காத. அந்தக் கதைக்குள்ளயே லோகோ வெவகாரம் இருக்கு. தஞ்சாவூர்க் கோட்டைக்குள்ள வந்தியத்தேவன் எப்பிடிப் போனாரு? பழுவேட்டரையர் வீட்டுப் பனை முத்திரை போட்ட மோதிரம் நந்தினிகிட்ட இருந்து அவரு கைக்கு வந்துச்சு. அதக் காட்டுனாரு, காவக்காரன் வழி விட்டான். மனுசன் யாரு, என்னத்துக்கு வந்தாரு, எவனும் கேக்கல. மோதிரம் சரி, ஆளு வேற. ஒங்க கதாநாயகரே அடுத்தவன் மார்க்கப் போட்டுக்கிட்டு உள்ள நுழைஞ்ச கேசுதான். அந்த வகையில பாத்தா நீங்க அவரோட நேர் வாரிசு, நான் ஒத்துக்கிறேன்.

சரி, புலிக்கு வருவோம். எங்க எடுத்தீங்க அந்தப் படத்த? போன்ல ‘சோழர் புலி’ன்னு தட்டுனீங்க, வந்ததுல மொரட்டுப் புலியாப் பாத்துப் புடிச்சீங்க. திருவாலங்காட்டுச் செப்பேட்டு முத்திரையில உள்ள சோழன் புலி குந்திக்கிட்டு இருக்கும்டா. பக்கத்துல பாண்டியன் மீனு ரெண்டு, சேரன் வில்லு, மேல கொடை. ராசா வீட்டுப் புலி, சாப்புட்டுச் செரிச்ச புலி. ஒங்க புலி வாயப் பொளந்துக்கிட்டு நேரப் பாயுது. அது எந்தப் புலின்னு ஒங்களுக்குத் தெரியாது, நீங்க சின்னப் புள்ளைங்க. டவுன்ல காக்கிச் சட்டை போட்ட மாத்தயாவுக்குத் தெரியும். அவரு நிப்பாட்டி “மே மொகத?”, இது என்னான்னு கேட்டா, “கல்கின்னு ஒருத்தரு, மெட்ராஸ்ல பத்திரிகை நடத்துனாரு, 1954ல போயிட்டாரு”ன்னு நீ சிங்களத்துல வெளங்கப்படுத்து பாப்போம். 1979ல மூணே வருசத்துக்குன்னு கொண்டு வந்த பயங்கரவாதத் தடைச் சட்டம், 1982ல நிரந்தரமாக்குனானுங்க. அந்தச் சட்டம் அஞ்சு பாகமும் படிக்காது.

இன்னொண்ணு. நாம சாமான் வாங்குற சிங்களக் கடை முதலாளி நல்ல மனுசன், சம்பளம் வர்ற வரைக்கும் கடன் குடுக்குறவரு. அவரு புள்ளைங்க படிக்கிற சரித்திரத்துல சோழன் வேற ஆளு. ராசராசன் படை வந்து அனுராதபுரம் அழிஞ்சதும், ராசேந்திரன் 1017ல மகிந்த ராசாவப் புடிச்சுட்டுப் போனதும் அந்தப் புள்ளைங்களுக்குப் பாடம். நீ நெஞ்சத் தூக்கிக்கிட்டு அரை றாத்தல் பருப்பு கடன் கேட்டாக் குடுப்பாரு, அவரு அப்பிடித்தான். ஆனா கொப்பியில எழுதறப்ப கண்ணு ஒன் சட்டைய ஒருக்காப் பாக்கும். ஒனக்கும் அந்தப் பருப்பு சரியா வேகாது.

அப்ப என்னா போடலாம்? நந்தினி மோதிரத்துப் பனையப் போடலாம்னு பேத்தி மெதுவாச் சொல்லுது, கெட்டிக்காரி, இது மட்டுந்தான் படிச்சிருக்கு. பனைக்குத் தடை இல்ல. ஆனா ஆத்தா, இந்த றக்வானை மழையில கித்துள் இருக்கு, றப்பர் இருக்கு, பனை எங்க இருக்கு? பாக்குறவன் யாழ்ப்பாணத்து ஆளுன்னு நெனச்சு, பனங்கட்டி என்னா வெலைன்னு கேப்பான்.

வந்தியத்தேவன் படத்துக்கும் ஒரு சங்கதி சொல்லிர்றேன். அச்சகத்துல வேல செய்ற என் மருமவன் சொன்னது. கல்கி எழுத்த தமிழ்நாட்டு அரசாங்கம் நாட்டுடைமை ஆக்கிருச்சு, எவனும் அச்சடிக்கலாம். ஆனா நீங்க போன்ல இருந்து எடுத்தது ஓவியர் மணியம் போட்ட கோடு. நந்தினி கொண்டையும் குந்தவை கொண்டையும் இன்னிக்கு வரைக்கும் நம்ம கண்ணுல நிக்கிறது அவரு கையாலதான். அவரு 1968ல செத்துப் போனாரு. இந்தியச் சட்டத்துல வரைஞ்சவரு போயி அறுபது வருசம், இங்க எழுபது வருசம், அது வரைக்கும் அந்தக் கோட்டுக்கு உரிமை உண்டு. எழுத்து ஊருக்குப் பொது, கொண்டை பொது இல்ல. நீங்களே வரைங்க. குதிரை கழுதையா வந்தாலும் பரவால்ல, சொந்தக் கழுதை.

ஆரி பொட்டர் போடுவோம்னு மூலையில ஒருத்தன் மொணங்குறியே, அதுவும் கேளு. 2007ல கொல்கத்தாவுல துர்க்கை பூசைக்கு ஆரி பொட்டர் படிச்ச பள்ளிக்கூடக் கோட்டை மாதிரிப் பந்தல் போட்டானுங்க. எழுதுன அம்மாவும் வார்னர் பிரதர்ஸ் கொம்பனியும் டெல்லி ஹைகோர்ட்டுக்குப் போயிட்டாங்க, இருவது லட்சம் ரூபா நட்டஈடு கேட்டு! பூசை முடியிற வரைக்கும் பந்தல் நிக்கட்டும்னு கோர்ட்டு விட்டுச்சு. துர்க்கை ஆத்தா காப்பாத்துனா. ஒன்னயக் காப்பாத்த தோட்டத்து மாரியம்மாவுக்கு இங்கிலீசு தெரியாது.

நான் ஒண்ணு சொல்லவா? நம்ம மலையில எழுதுனவங்க யாருக்காவது எவனாவது சட்டை அடிச்சானா? பூண்டுலோயா மடக்கும்புர தோட்டத்துல பொறந்த சி.வி. வேலுப்பிள்ளை 1947ல தலவாக்கலைக்கு எம்.பி.யாப் போனாரு. அடுத்த வருசமே நம்ம சனத்துக்குப் பிரஜாவுரிமை இல்லைன்னுட்டானுங்க. அவரு நாவலுக்கு வச்ச பேரு ‘வீடற்றவன்’. தெளிவத்தை ஜோசப் ‘காலங்கள் சாவதில்லை’ன்னு எழுதுனாரு. நம்ம லயம், நம்ம பிரட்டுக்களம், நம்ம கங்காணி எல்லாம் அதுக்குள்ள இருக்கு.

இப்ப யோசிங்க. கறுப்புச் சட்டை. நெஞ்சுல புலியும் வேணாம் பனையும் வேணாம். வெள்ளை எழுத்துல பெருசா ‘வீடற்றவன்’. அவ்வளவுதான். அதப் போட்டுக்கிட்டு எல்லாரும் வரிசையா ஒரு நாள் தோட்டத்து ஆபீசுப் பக்கம் நடந்து பாருங்க. வீடு கட்ட ஏழு பேர்ச்சஸ் காணிக்கு எத்தன மனு எழுதிக் குடுத்தாச்சு, எத்தன தலைவரு மாலை வாங்கிட்டுப் போயாச்சு. கோஷம் போட வேணாம். கேட்டா “இது நாவல் பேருங்க தொரை, நாங்க ரசிகர் மன்றம்”னு சொல்லிரலாம். பொய்யும் இல்ல. ஆனா படிச்சுட்டுப் போங்கடா. தொரை கதையக் கேட்டாலும் கேட்டுருவாரு.

போட மாட்டீங்க. எனக்குத் தெரியும். அதப் போட்டு போட்டோ எடுத்தா எந்தப் பொண்ணு பாக்கும்? சரி, உங்க இஷ்டத்துக்கே ஓடர் பண்ணுங்க. எனக்கும் ஒண்ணு சேத்துப் போடுங்க. வந்தியத்தேவன் வேணாம், குதிரை ஏறுற வயசு போச்சு. ஆழ்வார்க்கடியானப் போடு: தடி, தொந்தி, நாமம், ஊரு வம்பு, எல்லாம் எனக்குப் பொருந்தும். சைஸ் எக்ஸ்எல், கை முழுக்கை. காசா? ஒங்க பாட்டி மாதர் சங்கச் சீட்டு எடுக்குறப்ப நானே ஞாபகப்படுத்துறேன். அவகிட்ட என்னா ஏதுன்னு மட்டும் சொல்லிராதீங்க, கோயில் கமிட்டிக்குன்னு சொல்லுங்க. நாமம் போட்டிருக்குல்ல, நம்பிருவா.