டோப்பா வியாபாரி சர் பட்டம் வாங்கிய கதை

தொழிற்புரட்சி என்றதும் பாடப்புத்தகம் ஜேம்ஸ் வாட்டையும் அவருடைய நீராவியையும் காட்டிவிட்டு நகர்ந்துவிடும். நியாயமாகப் பார்த்தால் முதல் பக்கத்தில் ஒரு டோப்பாவின் படத்தைப் போட்டிருக்க வேண்டும்.

1732இல் இங்கிலாந்தின் பிரெஸ்டன் ஊரில் ஒரு தையல்காரர் வீட்டுக் கடைக்குட்டியாகப் பிறந்தவர் ரிச்சர்ட் ஆர்க்ரைட். கூடப் பிறந்தவர்கள் ஏராளம். பள்ளிக்கூடத்துக்குக் காசு இல்லை. போல்ட்டன் ஊரில் சவரக்கடை வைத்தார். சீமைக் கனவான்கள் எல்லாம் டோப்பா மாட்டிக்கொண்டு திரிந்த காலம் அது. ஆர்க்ரைட் ஊர் ஊராகப் போய்ப் பெண்களின் கூந்தலை விலைபேசி வாங்கி, சாயம் ஏற்றி விற்றார். பேச்சில் மன்னன். அடுத்தவர் தலையில் இருப்பதை நயமாகப் பேசி வாங்கும் அந்தக் கலை பின்னாளில் அவருக்கு நன்றாகவே உதவியது.

இதற்கிடையே நம் கோரமண்டலக் கரை அங்கே ஒரு குழப்பம் விளைவித்திருந்தது. இங்கிருந்து போன சீட்டித்துணியில் சீமைப் பெண்கள் சொக்கிப்போனார்கள். பட்டும் கம்பளியும் நெய்தவர்களுக்கு வயிறு எரிந்தது. 1719இல் லண்டன் நெசவாளர்கள் தெருவில் போன பெண்களின் சீட்டி உடையைக் கிழித்துத் தேசபக்தியைக் காட்டினார்கள். 1721இல் நாடாளுமன்றம் தன் பங்குக்கு, சீட்டி உடுத்தினால் 5 பவுன் அபராதம் என்று சட்டமே போட்டது. சரி, நாமே நெய்துகொள்ளலாம் என்றால் சீமை ராட்டையில் நூற்ற பருத்தி நூல் பாவுக்குத் தாங்காது, படக்கென்று அறுந்துவிடும். பாவுக்கு லினன், ஊடைக்குப் பருத்தி என்று ஒப்பேற்றினார்கள். போதாததற்கு 1733இல் ஜான் கே என்பவர் பறக்கும் நாடாவைக் கண்டுபிடித்துத் தறியை முடுக்கிவிட்டார். தறி ஓடுகிறது, நூலைக் காணோம்!

இங்கே இன்னொரு ஜான் கே வருகிறார், குழம்ப வேண்டாம். இவர் வாரிங்டன் ஊர்க் கடிகாரக்காரர். தாமஸ் ஹைஸ் என்பவரோடு சேர்ந்து, உருளைகளுக்கு இடையே பஞ்சை இழுத்து நூற்கும் இயந்திரம் ஒன்றை முயன்று பார்த்தவர். ஒரு ஜோடி உருளையைவிட அடுத்த ஜோடி வேகமாகச் சுழலும். பஞ்சு நீண்டு மெலிந்து, முறுக்கேறி, பாவுக்குத் தாங்கும் நூலாக வரும். உருளை யோசனைக்கு லூயிஸ் பால் 1738இலேயே காப்புரிமை வாங்கி, தொழில் நடத்தி, நொடித்தும் போயிருந்தார். 1767இல் ஆர்க்ரைட் இந்தக் கடிகாரக்காரரைச் சந்தித்தார். கூந்தல் வாங்கிய அதே நயத்தோடு பேசினார்.

பிரெஸ்டனில் ஒரு வீட்டின் உள்ளறையில் இருவரும் கதவைச் சாத்திக்கொண்டு வேலை பார்த்தார்கள். உள்ளே சாத்தான் பேக்பைப்புக்குச் சுருதி கூட்டுகிறான் என்று அக்கம்பக்கத்துக் கிழவிகள் நடுங்கினார்களாம். 1769இல் காப்புரிமை கிடைத்தது. அதில் ஆர்க்ரைட் தன் தொழிலாகக் குறிப்பிட்டது ‘கடிகாரக்காரர்’. பாவம் கே, தொழிலும் பறிபோயிற்று.

1771இல் டெர்பிஷயரின் கிராம்ஃபோர்டில், ஓடும் தண்ணீரில் சக்கரம் சுழல ஆலை எழுந்தது. ஆர்க்ரைட்டின் அசல் கண்டுபிடிப்பு இங்கேதான் இருக்கிறது என்பேன்: இயந்திரம் ஓடுகிறவரை மனிதனும் நிற்காமல் ஓட வேண்டும். அதுவரை கைவேலைக்காரர்கள் ஞாயிறு குடித்த மயக்கம் தெளிய, திங்களுக்கு ‘புனிதத் திங்கள்’ என்று பெயர் சூட்டிப் படுத்துக்கிடந்தார்கள். இத்தனை அழகான பண்டிகையை ஆர்க்ரைட் ஒரு மணியை அடித்து ஒழித்துவிட்டார். பகலுக்கு ஒரு கூட்டம், இரவுக்கு ஒரு கூட்டம், ஆளுக்குப் பன்னிரண்டு மணி நேரம். நம் கோவை மில் சங்குக்கெல்லாம் மூத்த அக்கா அந்த மணிதான். பிள்ளைகள் நிறைய உள்ள குடும்பம் என்றால் அவருக்குக் கொள்ளை ஆசை. பாசம் என்று நினைத்துவிடாதீர்கள்; ஏழு வயதுப் பிள்ளையும் அங்கே ஆலைத் தொழிலாளி.

பழைய சீட்டிச் சட்டம் இப்போது சொந்தச் சரக்கின் கழுத்தையே நெரித்தது. ஆர்க்ரைட் தரப்பு நாடாளுமன்றத்துக்கு நடையாய் நடந்து 1774இல் உள்நாட்டுப் பருத்திக்கு விலக்கு வாங்கியது. 1779இல் அவருடைய பிர்க்கேகர் ஆலையைக் கூட்டம் கொளுத்தியது. 1785இல் நீதிமன்றத்தில் ஹைஸும் கேயும் சாட்சிக் கூண்டேறிக் கொட்டித் தீர்க்க, ஆர்க்ரைட்டின் இரண்டாவது காப்புரிமை ரத்தாயிற்று.

மானம் போயிற்றா? 1786இல் மார்கரெட் நிக்கல்சன் என்ற பெண் ஒரு மேசைக்கத்தியால் மூன்றாம் ஜார்ஜ் மன்னரைக் குத்தப் பார்த்தாள். மன்னர் தப்பியதற்கு ஊர் சார்பில் வாழ்த்துப் பத்திரம் கொண்டுபோனார் ஆர்க்ரைட். திரும்பும்போது சர் ரிச்சர்ட். கத்தி அவரை எந்தக் காலத்திலும் கைவிட்டதில்லை. ஐம்பது வயதுக்கு மேல் தினம் ஒரு மணி நேரம் இலக்கணமும் ஒரு மணி நேரம் எழுத்துப் பயிற்சியும் செய்தாராம். கையெழுத்து எப்படிப் போனால் என்ன, 1792இல் இறந்தபோது நாட்டின் பெரும் பணக்காரர்களில் ஒருவர்.

அதற்கு முன்பே ஒரு வேடிக்கை நடந்தது. இயந்திரமோ வரைபடமோ கைதேர்ந்த தொழிலாளியோ நாட்டைவிட்டு வெளியேறக் கூடாது என்பது சட்டம். ஆர்க்ரைட்டின் கூட்டாளி ஸ்ட்ரட்டிடம் தொழில் பயின்ற சாமுவேல் ஸ்லேட்டர் என்ற 21 வயது இளைஞர், 1789இல் முழு ஆலையையும் மனப்பாடம் செய்துகொண்டு, விவசாயி என்று சொல்லிக் கப்பலேறினார். மண்டையைத் திறந்து பார்க்கும் வசதி சுங்கத்துறைக்கு இல்லை. அடுத்த ஆண்டே ரோட் ஐலண்டில் இயந்திரம் ஓடியது. அமெரிக்கர்கள் அவரைத் தங்கள் தொழில்துறைக்கே தந்தை என்றார்கள். சொந்த ஊரான பெல்பர் வைத்த பெயர் ‘துரோகி’. தாமஸ் ஹைஸைக் கேட்டிருந்தால் வேறு பெயர் சொல்லியிருப்பார்.