பச்சைக் குமிழியில் ரகசியம் பேசலாமா?

கேள்வி: என்னிடம் ஐபோன், அண்ணனிடம் ஆண்ட்ராய்டு. நாங்கள் அனுப்பிக்கொள்ளும் மெசேஜை வேறு யாராவது படிக்க முடியுமா?
- வாசகி, திருப்பூர்

பதில்: இரண்டும் ஐபோன் என்றால் கவலையில்லை. 2011-ல் வந்த ஆப்பிளின் மெசேஜ் சேவையான ஐமெசேஜ், அனுப்பும் போனிலேயே பூட்டப்பட்டு, வாங்கும் போனில்தான் திறக்கும். எதிரில் ஆண்ட்ராய்டு என்றால் குமிழி பச்சையாகிவிடும். பல வருடங்கள் அது வெறும் எஸ்எம்எஸ்ஸாகத்தான் இருந்தது. தபால் கார்டு மாதிரி. டெலிகாம் கம்பெனி நினைத்தால் படிக்கலாம். (நம் வங்கி ஓடிபியும் அதில்தான் வருகிறது. தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள்.)

2022-ல் ஒருவர், தன் அம்மாவுக்கு வீடியோ ஒழுங்காகப் போகவில்லை என்று ஆப்பிள் தலைவர் டிம் குக்கிடம் முறையிட்டார். அம்மாவுக்கு ஐபோன் வாங்கிக் கொடுங்கள் என்றார் குக். வியாபாரி என்றால் இவரல்லவா வியாபாரி!

2024 செப்டம்பரில், ஐஓஎஸ் 18-ல், எஸ்எம்எஸ்ஸின் நவீன வாரிசான ஆர்சிஎஸ் வந்தது. படம் பளிச்சென்று போனது. பூட்டு மட்டும் வரவில்லை. அந்த டிசம்பரிலேயே, சீன ஹேக்கர்கள் அமெரிக்க டெலிகாம் நிறுவனங்களுக்குள் புகுந்த விவகாரத்தில், என்க்ரிப்ஷன் என்ற அந்தப் பூட்டு உள்ள ஆப்களையே பயன்படுத்துங்கள் என்று அமெரிக்க அதிகாரிகள் மக்களுக்குச் சொன்னார்கள். அதில் எஃப்பிஐயும் சேர்த்தி. 2016-ல் ஐபோன் பூட்டைத் திறக்கச் சொல்லி ஆப்பிளோடு கோர்ட்டில் மல்லுக்கட்டிய அதே எஃப்பிஐதான்!

2025 மார்ச்சில் மொபைல் நிறுவனங்களின் கூட்டமைப்பான ஜிஎஸ்எம்ஏ, ஐபோனுக்கும் ஆண்ட்ராய்டுக்கும் பொதுவான பூட்டுக்கு விதி வகுத்தது. ஆப்பிளும் தலையாட்டியது. உங்கள் சாட்டில் பூட்டுச் சின்னம் தெரிகிறதா, பாருங்கள். தெரியாவிட்டால் சொத்துப் பேச்சை சிக்னலிலோ வாட்ஸ்அப்பிலோ வைத்துக்கொள்ளுங்கள். வாட்ஸ்அப் என்றால், பேக்கப்புக்கும் என்க்ரிப்ஷனைப் போட்டுவிடுங்கள், அண்ணனையும் போடச் சொல்லுங்கள்.