கரன்ட் பில்லுக்கு ஏன் குளிர்காலத்தில் காய்ச்சல்?

கேள்வி: எங்கள் வீட்டில் ஏசி கிடையாது. ஃபேன்கூடக் கிடையாது. அப்படியிருந்தும் மார்கழி, தை வந்தால் கரன்ட் பில் எகிறுகிறதே, ஏன்? (ஒரு வாசகி, குன்னூர்)

பதில்: ஃபேன் இல்லை என்று சொன்னீர்கள், கீசரைப் பற்றி மூச்சு விடவில்லையே! மின்சாரத்துக்குச் சுழற்றுவது சின்ன வேலை, சூடாக்குவதுதான் பெரிய வேலை. 75 வாட் ஃபேன் ஒரு யூனிட்டில் 13 மணி நேரம் ஓடும். 2,000 வாட் கீசர் அதே யூனிட்டை அரை மணியில் தீர்த்துவிடும்.

உங்கள் ஊர்க் குளிர் இதை இரட்டிப்பாக்குகிறது. சமவெளியில் தொட்டித் தண்ணீர் 26 டிகிரி இருந்தால், 20 லிட்டர் வாளியை 40 டிகிரிக்குக் கொண்டுவர மூன்றில் ஒரு யூனிட் போதும். மலையில் தண்ணீர் 12 டிகிரியில் வந்தால் அதே வாளிக்கு மூன்றில் இரண்டு யூனிட் வேண்டும். நான்கு பேர் தினம் ஆளுக்கு ஒரு வாளி குளித்தால் இரண்டு மாதத்தில் 150 யூனிட்டைத் தாண்டும். அரசு தரும் 100 இலவச யூனிட் குளியலறையிலேயே கரைந்துவிடும்.

கேள்வி: சீக்கிரம் இருட்டிவிடுகிறது, லைட்டுதான் காரணம் என்கிறார் என் மாமியார். சரிதானா?

பதில்: குண்டு பல்பு காலத்துக்குச் சரி. இன்று 9 வாட் எல்.இ.டி. விளக்கு ஆறு இருந்து, தினம் ஒரு மணி நேரம் கூடுதலாக எரிந்தாலும் இரண்டு மாதத்துக்கு மூன்றேகால் யூனிட்தான். மாமியாரை வெளிச்சத்தில் உட்கார விடுங்கள்.

கேள்வி: ஆயில் ஹீட்டர் கரன்ட்டே இழுக்காது என்கிறார் கடைக்காரர். நம்பலாமா? (ஒரு வாசகர், ஊட்டி)

பதில்: நம்பாதீர்கள். 2,000 வாட் என்று போட்டிருந்தால் எந்த ஹீட்டரும் முழு வேகத்தில் மணிக்கு 2 யூனிட் இழுக்கும். ஆயில் ஹீட்டர் அணைத்த பிறகும் கொஞ்ச நேரம் சூடு தரும், அவ்வளவுதான். இரவில் நான்கு மணி நேரம் முழு வேகத்தில் போட்டால் இரண்டு மாதத்தில் 480 யூனிட்.

இங்கேதான் உண்மையான பள்ளம் இருக்கிறது. மொத்தம் 500 யூனிட்டைத் தாண்டினால், தாண்டிய யூனிட்டுக்கு மட்டும் விலை ஏறுவதில்லை. 100-க்கு மேலுள்ள கீழ்ப்படிக்கான சலுகை விலையும் பறிபோய்விடும். மீட்டரை மாதம் ஒருமுறை நீங்களே பார்த்துக் குறித்துவையுங்கள். புதிதாக வாங்குவதானால், சூடாக்கும் வசதியுள்ள ஏசியை யோசியுங்கள். அது வெளிக்காற்றிலிருக்கும் வெப்பத்தையே உள்ளே இழுத்துத் தருவதால், ஹீட்டர் தரும் சூட்டை ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு மின்சாரத்தில் தந்துவிடும்.

கேள்வி: பில்லுக்குப் பயந்து கரி அடுப்பை அறைக்குள் வைத்துப் படுக்கலாமா? (ஒரு வாசகர், கொடைக்கானல்)

பதில்: கூடவே கூடாது. மூடிய அறையில் கரி எரிந்தால் கார்பன் மோனாக்சைடு சேரும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தூங்குகிறவரை எழுப்பாமலே கொன்றுவிடும். கூடுதலாக ஒரு கம்பளி வாங்குங்கள், கதவிடுக்கைத் துணியால் அடையுங்கள், ஹீட்டரைப் படுக்குமுன் ஒரு மணி நேரம் மட்டும் போடுங்கள். பில் கூடினால் கூடட்டும், கரி அடுப்பை மட்டும் இன்றைக்கே வெளியே எடுத்து வைத்துவிடுங்கள்.