ஈயத்தில் ஒரு சவரன்

ஹூஸ்டன் பக்கம், டெக்ஸாஸ்

அன்புள்ள பெரியப்பாவுக்கு,

பெரியம்மாவின் முழங்கால் வலி தேவலையா? பூந்தமல்லி நெடுஞ்சாலையில் இந்த மாதம் எந்தப் பக்கம் பள்ளம் தோண்டியிருக்கிறார்கள்?

"டெக்ஸாஸ்ல ஆளுக்கொரு துப்பாக்கி வெச்சிருப்பானாமே, நீயும் வாங்கிட்டியாடா?" என்று போனில் கேட்டீர்கள். ஸ்பீக்கரில் அம்மாவும் இருந்ததால் பேச்சை மாற்றிவிட்டேன். துப்பாக்கி வாங்கவில்லை. ஆனால் வீட்டில் தோட்டா செய்வது எப்படி என்று பாடம் கேட்டுக்கொண்டிருக்கிறேன். பதறாமல் மேலே படியுங்கள்.

பக்கத்து வீட்டுத் தாத்தா உங்களைப் போல ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய கார் ஷெட்டில் கார் நிற்க இடமில்லை. ஒரு மேசை, அதில் கைப்பிடி வைத்த ஒரு பிரஸ், சுவர் நிறைய டப்பாக்கள். சுட்ட தோட்டாவின் பித்தளைக் கூட்டைப் பொறுக்கி வந்து, மறுபடி மருந்து நிரப்பிப் புதுத் தோட்டா ஆக்குகிறார். சொந்த உபயோகத்துக்கு என்றால் மத்திய அரசின் லைசென்ஸ் தேவையில்லை, விற்றால்தான் தேவை. நம்மூரில் லைசென்ஸ் இல்லாமல் இதைச் செய்தால், 2019 திருத்தத்துக்குப் பிறகு, குறைந்தது ஏழாண்டு சிறை, ஆயுள்வரைகூடப் போகலாம்.

"வா, உனக்கும் சொல்லித் தருகிறேன்" என்றார். அங்கேதான் என் எச்1பி விசா குறுக்கே வந்தது. இந்த விசாக்காரன் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்கக் கூடாது. காலிக் கூடு, மருந்தைப் பற்றவைக்கும் பிரைமர், மருந்து, குண்டு, இவை தனித்தனியாகக் கிடந்தாலும் சட்டத்தின் கண்ணில் தோட்டாதான். வேட்டை லைசென்ஸ் இருந்தால் விலக்கு உண்டாம். தாத்தா அதை எடுக்கச் சொன்னார். "கரப்பான்பூச்சி வந்தா என்னைக் கூப்பிடுற ஆளு மான் வேட்டைக்குப் போறாராம்" என்று உங்கள் மருமகள் சொன்னதோடு அந்தப் பேச்சு முடிந்தது. ஆகவே கையைக் கட்டிக்கொண்டே படிக்கிறேன். எனக்குக் கொடுத்திருக்கும் பதவி, நோட்டில் கணக்கு எழுதுவது.

வேலை என்னவென்று கேட்டால் உங்களுக்குப் பிடிக்கும். சுடும்போது பித்தளைக் கூடு துப்பாக்கி அறையின் அளவுக்கு விரிந்துவிடுகிறது. அதை டை என்ற அச்சில் விட்டு அமுக்கிப் பழைய அளவுக்குக் கொண்டுவர வேண்டும். செத்த பிரைமரை வெளியே தள்ளிப் புதியதைப் பொருத்த வேண்டும். பிறகு மருந்து, பிறகு குண்டு. கடைசியில் வெர்னியரால் நீளம் பார்க்க வேண்டும். ஆவடி டாங்கி ஆலையில் நீங்கள் ஒரு பாகத்தை மூன்று தடவை அளந்தபோது சூப்பர்வைசர் சிரித்தாராமே. இந்தத் தாத்தா நான்காவது தடவையும் அளக்கிறார்.

அளப்பதில் காரணம் இருக்கிறது. புகையில்லா மருந்து திறந்த தட்டில் புஸ்ஸென்று எரிந்து போகும். கூட்டுக்குள் அடைபட்டால் கதையே வேறு: 9 எம்.எம். தோட்டாவுக்கு அனுமதித்த உச்ச அழுத்தமே நம் கார் டயர் காற்றைப் போல ஆயிரம் மடங்கு. கவனம் பிசகி ஒரு கூட்டில் இரண்டு தடவை மருந்து விழுந்தால் துப்பாக்கி கையிலேயே வெடிக்கலாம். மருந்தே விழாவிட்டாலும் ஆபத்துதான். பிரைமரின் உந்துதலில் குண்டு கிளம்பிக் குழலின் நடுவில் சிக்கி நிற்கும், அடுத்த குண்டு அதன் முதுகில் போய் மோதும். அதனால் மேசையில் ஒரு நேரத்தில் ஒரே மருந்து டப்பா. டிவி கிடையாது, சிகரெட் கிடையாது, பேச்சும் கிடையாது. மருந்து போட்டதும் கூடுகளை வரிசையாக நிறுத்தி, ஒவ்வொன்றுக்குள்ளும் டார்ச் அடித்துப் பார்க்கிறார். அமெரிக்காவில் நான் பார்த்த மிக அமைதியான இடம் இந்த வெடிமருந்துக் கொட்டகைதான்.

எடைக்கு இங்கே 'கிரெய்ன்' கணக்கு. ஒரு பவுண்டுக்கு 7,000. 9 எம்.எம். குண்டில் ஒரு வகை 124 கிரெய்ன். நோட்டில் எழுதும்போது கிராமுக்கு மாற்றிப் பார்த்தேன்: எட்டு கிராம். ஒரு சவரன்! செப்புத் தோல் போர்த்திய நூறு சவரன் ஈயத்தை ஞாயிற்றுக்கிழமை மண்மேட்டில் கொட்டிவிட்டுச் சிரித்த முகமாக வீடு திரும்புகிறார் மனிதர். உங்கள் மருமகள் இந்தக் கணக்கைக் கேட்டதிலிருந்து அவர்மேல் தனி மரியாதை வைத்திருக்கிறாள். கூடுகள் கறுத்துக் கிடந்ததைப் பார்த்து அரைக்கிலோ புளி கொடுத்தனுப்பினாள். சிட்ரிக் அமிலத்தில் ஊறவைத்துக்கொண்டிருந்தவர் புளிக்கு மாறிவிட்டார். மின்னுகிறது. ஈரம் பட்டால் மருந்து கெடும் என்பதால் கழுவிக் காயவைப்பதுதான் பெரிய வேலை.

இந்தப் பைத்தியம் இங்கே பழையது. இரண்டாம் உலகப் போரில் மிஞ்சிய ராணுவ மருந்தை வாங்கிச் சில்லறைக்கு விற்றே ப்ரூஸ் ஹாட்ஜ்டன் என்பவர் ஒரு கம்பெனி கண்டார். 1958-ல் தொழில் தொடங்கிய ரிச்சர்ட் லீ, சுத்தியலால் தட்டியே தோட்டா செய்யும் சின்னக் கருவியை விற்றார். பாதி விலைக்கு முடிகிறது என்று தாத்தா பெருமையடிக்கிறார். "அதனால்தான் இரண்டு மடங்கு சுடுகிறார்" என்கிறார் பாட்டி. பாட்டி கட்சிதான் நானும்.

இதையெல்லாம் பார்க்கும்போது ஆவடிப் பக்கத்து நரிக்குறவர் பெரியவர்கள் நினைவுக்கு வந்தார்கள். நாட்டுத் துப்பாக்கிக் குழலின் வாய்வழியே கருமருந்து, நார், ஈய ரவை என்று போட்டு இடித்து, ஒவ்வொரு வெடியையும் கையால் செய்தவர்கள். 1972 வன உயிரினச் சட்டத்துக்குப் பின் அந்தப் பிழைப்பு ஒடுங்கி, ஊசிமணி பாசிமணிதான் மிஞ்சியது. அதே கைவேலையை இங்கே பொழுதுபோக்கு என்கிறார்கள். கடையில் தனிப் பிரிவே இருக்கிறது.

பெரியப்பா, ஒரு வேண்டுகோள். நம் வீட்டுச் சின்னவன் சாவிக்கொத்துக்குக் காலித் தோட்டா கேட்டு வாட்ஸ்அப்பில் உயிரை எடுக்கிறான். இங்கே அதைத் தொடவே எனக்கு உரிமையில்லை. மீனம்பாக்கம் விமான நிலையத்தில் பெட்டியில் தோட்டா அகப்பட்டால் மாமியார் வீட்டு விருந்துக்குப் பதில் போலீஸ் விசாரணைதான். வழக்கம்போலச் சாக்லேட்டும் வைட்டமின் மாத்திரையும்தான் வரும் என்று அவனிடம் நீங்களே சொல்லிவிடுங்கள். நான் சொன்னால் கேட்கமாட்டான். இந்தக் கடிதத்தை அம்மா கண்ணில் காட்டாதீர்கள்.

உங்கள் அன்பு மகன்