ஊர்சுற்று உய்வழியியல்

மாணாக்க, செவிசாய்த்துக் கேள். கேமரன் மலையில் பிரிஞ்சாங்குக்கும் கம்போங் ராஜாவுக்கும் நடுவே உள்ளது திரிங்காப். தேயிலைத் தோட்டத்து லயத்திலிருந்து ஞாயிறன்று கிளம்பி, முட்டைக்கோசு முதலிய தேடிப் பத்து இடம் தொட்டு மீள்தல் 'ஊர்சுற்று' எனப்படும்.

அஃது இருவகைத்து. பிரிஞ்சாங், திரிங்காப், கோல தெர்லா, கம்போங் ராஜா எனச் சாலை ஒன்றே ஊர்களை மணியாய்க் கோத்திருத்தலின், சாலையோரத்தோடு நிற்பவன் செய்வது கோவைச்சுற்று. போய்த் திரும்பினால் முடிந்தது, ஆராயற்பாலதன்று. மரக்கறித் தோட்டத்து ஒற்றையடிப் பாதைகள் தம்முள் பிணைந்துழி நிகழ்வது பின்னற்சுற்று. சிக்கல் இதற்கே உரியது.

இதைத் தீர்க்கும் வழி இரண்டு. முதலாவது முழுதெண்வழி. பத்து இடத்தை நிரல்படுத்தும் முறைகள், தலைகீழ் நிரலையும் ஒன்றெனக் கொண்டால், 1,814,400. நொடிக்கு ஒன்றாய் எண்ணின், உறக்கமின்றிச் சரியாக 21 நாள். பதினைந்து இடமாயின் 20,000 ஆண்டைத் தாண்டும். முட்டைக்கோசு அதுவரை நில்லாது.

இரண்டாவது உய்வழி: முழுதும் பாராது, பொழுது சாயுமுன் போதுமான விடை தருவது. இதனைக் கைக்கொள்வோர் ஐவர்.

முதல்வன் அண்மைநாடி. அருகிலுள்ளதற்கே அடுத்தடுத்துச் செல்வான். காலையில் இவனை வெல்வாரில்லை. மாலையில் மலைக்கப்பால் ஓரிடம் எஞ்சும். உட்பிரிவு இரண்டு: எஞ்சியதை நோக்கி ஓடுபவன், அது வேண்டியதே இல்லை என நிலைநாட்டுபவன். பின்னவனே தொகையில் மிக்கவன்.

இரண்டாமவன் முறுக்கவிழ்ப்பி. தன் தடத்தைத் தானே குறுக்கே வெட்டிய இடம் கண்டு, இரு துண்டுகளை மாற்றி முறுக்கை நீக்குவான்; நேர்கோட்டுத் தொலைவாயின் நடை குறைந்தே தீரும். குரோஸ் 1958-இல் எழுதியது.

மூன்றாமவன் மேடுநாடி. இவனை விரித்தே உரைக்க வேண்டும். நடை குறைதலை மேலேறுதல் எனக் கொள்க. மூடுபனியில், அடுத்த அடி உயர்கிறதா என்று மட்டும் காலால் தடவி ஏறுவான். எப்புறமும் இறக்கமாகும் இடத்தில் நின்று, குனோங் பிரிஞ்சாங் உச்சி இதுவே என்பான். பனி விலகின், நிற்பது தேயிலைச் செடிகளுக்கு நடுவிலொரு திட்டு. மெய்ம்முடியோ எதிரே 2,000 மீட்டருக்கு மேல் ஓங்கியிருக்கும். இதற்குப் 'பொய்ம்முடிக் களிப்பு' எனப் பெயரிட்டுள்ளேன். சமநிலத்தில் எப்புறமும் ஒன்றாய்த் தோன்ற மயங்குவது 'தட்டுத் திகைப்பு'. இவ்விரண்டையும் ஒன்றென்பார் உளர். அவரோடு எமக்குப் பேச்சில்லை.

நான்காமவன் காய்ந்தாறி, பொய்ம்முடிக்கு மருந்து இவனே. காய்ச்சிய இரும்பு மெல்ல ஆறுதலை ஒப்பவைத்து 1983-இல் கெர்க்பாட்ரிக், கெலாட், வெக்கி மூவரும் வகுத்தனர். சூடாயிருக்கையில் வேண்டுமென்றே கீழும் இறங்குவான். தணியத் தணிய இறக்கம் அருகும். விரைந்து ஆறியவன் மேடுநாடியே ஆவான்.

ஐந்தாமவன் எறும்பொழுக்கி, டொரிகோ 1992-இல் கண்டது. முன்போனவர் விட்ட மணம் மிக்க தடத்தையே பெரிதும் தேர்வான். கூட்டமின்றி நடவான் ஆதலின், ஞாயிறன்று நம் லயத்தில் இவன் தோன்றுவது அரிது.

ஐவருள் சிறந்தவன் யாரென வினவுவாய். எல்லாச் சிக்கலையும் சேர்த்து நிறுத்தால் எவனும் எவனினும் மேலல்லன் என 1997-இல் வோல்பர்ட்டும் மக்ரீடியும் மெய்ப்பித்தனர். சிக்கலைப் பார்த்தே ஆளைத் தேர்.

இன்று உனக்கு ஆறே இடம், நிரல் 360. நொடிக்கு ஒன்றாய் 6 மணித்துளி. எண்ணிவிட்டே கிளம்பு; முட்டைக்கோசை மறவாதே.