ஜிப் மட்டும்தான் சார் இல்லை

பொங்கல் பானை இன்னும் ஆறவில்லை. அதற்குள் மேல் மாடிக்காரர் என் வாசலில் ஒரு மூட்டையை இறக்கிவிட்டுப் போயிருக்கிறார். "எல்லாம் நல்ல துணி சார். சிலதுல ஜிப் மட்டும்தான் இல்லை. ஹோமுக்குக் குடுத்துடுங்க. உங்க பாட்டி இந்த வேலைதானே பாத்துக்கிட்டு இருந்தாங்க?"

பாட்டி போய்ச் சேர்ந்து வருஷக்கணக்காகிறது. வீடு, நகை, நிலம் என்று எதையும் வைக்காத மகராசி, மூட்டை வாங்கும் உரிமையை மட்டும் வாரிசுக்கு எழுதிவைத்துவிட்டாள்.

முன்பெல்லாம் இந்த மாதிரிப் பழசைப் போகிக்கு எரித்தார்கள். 2018 போகியன்று புகையும் பனியும் சேர்ந்து, சென்னைக்கு வந்த விமானங்கள் இறங்க முடியாமல் வேறு ஊர்களுக்குப் போயின. எரிக்காதீர்கள் என்று மாசுக் கட்டுப்பாட்டு வாரியமும் வருஷா வருஷம் கெஞ்சுகிறது. நம்மவர்களும் கேட்டுக்கொண்டார்கள். எரிக்க வேண்டியதையெல்லாம் ஆதரவற்ற குழந்தைகளுக்கு அனுப்பிவிடுகிறார்கள்.

மூட்டையைப் பிரித்தேன். ஜிப் இல்லாத பேன்ட். பேன்ட் இல்லாத சஃபாரி. எலாஸ்டிக் உயிரை விட்ட பாவாடை. யாரோ ரிசப்ஷனுக்குத் தைத்த கோட்டு. எட்டு வயசுப் பையன் அதை மாட்டிக்கொண்டு எங்கே போவான், யாருக்காவது ஜாமீன் கையெழுத்துப் போடவா? கட்சி மாநாட்டு டி-ஷர்ட். அந்தக் கட்சியே இப்போது இல்லை. நவராத்திரித் தாம்பூலத்தில் வந்த ரவிக்கைத் துண்டுகள். எவருக்கும் ரவிக்கை தைக்கப் போதாமல் ஊரைச் சுற்றிய களைப்பு அவற்றில் தெரிந்தது. இரண்டு கண்ணாடியும் இல்லாத கூலிங் கிளாஸ். சமச்சீர்க் கல்விக்கும் முந்தைய பத்தாம் வகுப்பு நோட்ஸ். ஒற்றை சாக்ஸ், ஜோடி அடுத்த போகிக்கு வரும் போலிருக்கிறது. அடியில் ஒரு கால்மிதி. அது ஒன்றுதான் நல்ல நிலையில் இருந்தது.

பாட்டி இருந்திருந்தால் மூட்டை வாசற்படியைத் தாண்டியிருக்காது. கொண்டுவந்தவரை நிற்கவைத்துக்கொண்டே பரிசோதனை நடக்கும். காலரை வெளிச்சத்தில் பிடிப்பாள். ஜிப்பை மேலும் கீழும் இழுப்பாள். அக்குளை மோந்து பார்ப்பாள். "ஏம்பா, இதை உன் பையன் போட்டுக்கிட்டு ஸ்கூலுக்குப் போவானா?" அவர் விழிப்பார். அடுத்ததுதான் பேரிடி. "துணியெல்லாம் போதும். பொம்பளைப் பிள்ளைங்களுக்கு ஜட்டி வேணும், பெட்டிக்கோட்டு வேணும். அளவு சொல்றேன், எழுதிக்க." கலியுகக் கர்ணன் செருப்பைத் தேடுவார். அன்னதானம், கோதானம் தெரியும்; ஜட்டி தானத்துக்கு என்ன புண்ணியம் என்று எந்தப் புராணமும் சொல்லவில்லை. போட்டோவும் எடுக்க முடியாது.

போட்டோ என்றதும் ஞாபகம் வருகிறது. மேல் மாடிக்காரர் அதையும் கேட்டிருக்கிறார். "குடுக்கும்போது பசங்களோட ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்க சார், ஸ்டேட்டஸ்ல வெச்சுக்கறேன்." 2015-ம் வருஷத்து இளைஞர் நீதிச் சட்டத்தின் 74-ம் பிரிவு, அந்தக் குழந்தைகளின் அடையாளத்தை வெளியிடக் கூடாது என்கிறது. மீறினால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பாட்டிக்குச் சட்டமெல்லாம் தெரியாது. கேமராவைக் கண்டால் பிள்ளைகளுக்கு முன்னால் முந்தானையை விரித்துக்கொண்டு நிற்கத் தெரியும். அந்தக் கால நன்கொடையாளர்களின் ஆல்பங்களில் இருப்பதெல்லாம் எங்கள் வீட்டுச் சுங்குடிச் சேலைதான்.

அவளுடைய தொண்டு பற்றி உருக்கமாக எழுதத்தான் உட்கார்ந்தேன். விடுதிகளில் இடம் மறுக்கப்பட்ட சிறுமிகளைத் தன் வீட்டிலேயே வைத்துக்கொண்டு 1930-ல் அவ்வை இல்லத்தைத் தொடங்கினார் முத்துலட்சுமி ரெட்டி. அந்தக் கதையைப் பாட்டி சொல்ல ஆரம்பித்தாலே, தாத்தா எங்கள் இரண்டு அறை வீட்டைப் பீதியோடு ஒரு சுற்றுப் பார்ப்பார். நல்லவேளையாகப் பாட்டியே ஒரு குழந்தைகள் இல்லத்துக்குப் போக ஆரம்பித்தாள். செவ்வாயும் வெள்ளியும் பேன் சீப்பு, தேங்காய் எண்ணெய் சகிதம் கிளம்பிவிடுவாள். யாருக்காவது காய்ச்சல் என்றால் எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனையில் விடியற்காலையிலேயே வரிசையில் உட்கார்ந்திருப்பாள். பள்ளிக்கூடத்துப் பெற்றோர் கூட்டத்துக்கு அவர்களுக்காகப் போவாள். என் ரேங்க் கார்டை நீட்டினால், "உனக்குத்தான் அப்பன் இருக்கானே" என்பாள். அத்தனை பிள்ளைகளின் செருப்பு அளவும் அவளுக்கு மனப்பாடம். என் செருப்பு அளவை ஒருநாளும் கேட்டதில்லை.

நல்லது அங்கே, மிச்சம் இங்கே என்பது அவள் சட்டம். கிழிசலை வாங்க மாட்டாள் அல்லவா? அப்படியானால் நல்ல துணிக்கு எங்கே போவாள்? எங்கள் பீரோவுக்குத்தான்.

பாட்டியின் பதினாறாம் நாள் காரியத்துக்கு ஆறடி உயரத்தில் ஒருவர் வந்தார். வங்கி அதிகாரியாம். அம்மா கொடுத்த காபியைக் கையில் வைத்துக்கொண்டு தேம்பினார். "நான் பத்தாவது படிச்சப்போ பாட்டி ஒரு நீலக் கோடு போட்ட சட்டை குடுத்தாங்க. என் வாழ்க்கையில முதல் புதுச் சட்டை அதுதான் சார்." சுற்றியிருந்தவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

எனக்கும் அது புதுச் சட்டைதான். தீபாவளிக்கு எடுத்தது, பொங்கலைப் பார்க்கவில்லை.